தண்ணீர் பேசிய கோடை

வேலப்பன்சாவடி பக்கத்துக் கல்லூரி ஒன்றில், ஆய்வகப் பயிற்சி படிக்கும் மாணவிகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "ஓய்வுபெற்ற மூத்த ஆய்வக உதவியாளர்" என்று என்னை அறிமுகப்படுத்தியதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சொன்னது தப்பில்லை. நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தை இந்த 2001-ஆம் வருடம் மூடிவிட்டார்கள். என் கையில் இருப்பது விருப்ப ஓய்வு உத்தரவு. விருப்பம் யாருடையது என்று அதில் எழுதவில்லை.

பேசி முடித்தபின் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நீங்க எச்.ஐ.வி.யை நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பார்த்ததில்லை. அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் குரலைக் கேட்டிருக்கிறேன்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டதால் விளக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருமழிசையில் பிறந்தவள். தொழிற்பேட்டை எழும்பிய நிலத்தில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். பிறகு அதே நிலத்தின் மேல் கட்டிய கம்பெனிகளில் அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். விலங்கியலில் பட்டம், அதன்மேல் ஆய்வகப் பட்டயம். எண்பதுகளின் கடைசியில், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் கையுறையின் மேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டபோது என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சேறு படாத முதல் கைகள் அவை. அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

ஆய்வுக்கூடத்தின் தலைவரை நாங்கள் சார் என்றே கூப்பிடுவோம். மெலிந்த மனிதர், தென்பாண்டிப் பக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். உயிருள்ள ரத்த அணுக்களை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி ஒன்று உண்டு, இன்குபேட்டர். அதன் கதவைத் திறக்குமுன் ஒற்றை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சில மாதங்களில் நானும் தட்ட ஆரம்பித்திருந்தேன். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவித் தருகிற ஏழுமலை அண்ணன் மட்டும், "உள்ள யாரு கீறாங்க, கதவத் தட்டினு? மாமியாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தத்தில் இருக்கும் காவல் அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வாயில்லாததால் சின்னச் சின்னப் புரதங்களை வெளியே விடுகின்றன. ஒரு அணு விட்டதை இன்னொரு அணு வாங்கிக்கொண்டு விழித்தெழும். சைட்டோகைன் என்று பொதுப்பெயர். நாங்கள் அளந்தது அதில் ஒன்றை, டி.என்.எஃப். என்பதை. காசநோய்க் கிருமி உள்ளே வந்தால் காவல் அணுக்கள் டி.என்.எஃப்.பை விட்டுத்தான் மற்றவற்றைக் கூட்டி அதைச் சுற்றி வளைக்கின்றன. அது இல்லாவிட்டால் காசநோய் உடலெங்கும் பரவிவிடும். ஆனால் எச்.ஐ.வி. இருக்கிறவர்களுக்கு அதே டி.என்.எஃப்.தான் வினையாகிறது.

ஆய்வுக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால், மரங்களுக்கு அப்பால் அண்ணனூர் ரயில் பணிமனை தெரியும். மதியங்களில் மின்சார ரயில்கள் அங்கே விளக்கணைத்து, கதவு திறந்தபடி வரிசையாக நிற்கும். உள்ளே ஒரு ஆள் இருக்கமாட்டார். எச்.ஐ.வி. அணுவுக்குள் அப்படித்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அணுவின் மரபிழையோடு தன்னையும் கோத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வருடக்கணக்கில். வெளியிலிருந்து டி.என்.எஃப். வந்து அணுவைத் தொடுகிறது. அணுவுக்குள் ஒரு சிக்னல் விழுகிறது. எழுந்து கிருமியோடு போராடு என்று அணுவுக்குத்தான் அந்த சிக்னல். தூங்கும் வைரஸும் அதே சிக்னலைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட பச்சை விளக்கில் ரயில் ரயிலாக வைரஸ் வெளியே வரும்.

இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு மயக்கம்தான் வந்தது. நல்லதும் கெட்டதும் ஒரே குரலைக் கேட்டு எழுகின்றன என்றால், அந்தக் குரலை என்ன செய்வது?

செய்முறையையும் சொல்லவேண்டும், படிக்கிற பெண்களுக்குப் பயன்படும். கண்ணாடிக் குழாயில் கனமான ஒரு தெளிந்த திரவத்தை எடுத்துக்கொள்வோம். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் சுவரோடு ரத்தத்தை மெதுவாக வழியவிட்டால் இரண்டும் கலக்காமல் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். கை நடுங்கினால் போச்சு. பிறகு அதைச் சுழற்றும் கருவியில் வைப்போம். எடுத்துப் பார்க்கும்போது சிவப்பு முழுவதும் அடியில் இறங்கியிருக்கும், மேலே இளமஞ்சள் நீர், நடுவில் நிலாவைச் சுற்றிய வளையம்போல ஒரு வெள்ளைப் படலம். அதுதான் காவல் அணுக்கள். அதை மட்டும் உறிஞ்சி, கழுவி, மீடியம் என்கிற சத்துநீரில் விட்டு இன்குபேட்டரில் ஒரு நாள் வைப்போம். எந்தத் தூண்டுதலும் தராமல் சும்மா விட்டால் அவை எவ்வளவு டி.என்.எஃப். விடுகின்றன? அதுதான் எங்கள் கேள்வி. மறுநாள் அந்த நீரைக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் இட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சில மருந்துகள் சேர்த்தால் முதலில் நீலம் பூக்கும். ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு டி.என்.எஃப். நிறம் எழவில்லையென்றால் அணுக்கள் அமைதியாக இருக்கின்றன.

நீலம் மஞ்சளாகும் அந்தக் கணத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட அலுத்ததில்லை.

இனி வசந்தி. அது அவள் பெயரல்ல, அவளே கேட்டு வாங்கிக்கொண்ட பெயர். எப்போது கேட்டாள் என்பது கடைசியில் வரும். என் வயதுதான் இருக்கும். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் பிரித்து அடுக்கும் வேலை. லாரி ஓட்டிய புருஷன் இறந்தபின்தான் தனக்கும் எச்.ஐ.வி. இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதோடு காசநோயும் வந்து, முழுச் சிகிச்சை முடித்திருந்தாள். சிகிச்சை முடிந்தவர்களின் டி.என்.எஃப். அடங்குகிறதா என்று மாதாமாதம் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு.

அவளுக்கு ரத்தம் எடுப்பது நான்தான். முதல் தடவையே எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே நாங்கள் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். எங்களைத் தெரியும் என்றாலே, எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

"பஸ்ல பக்கத்து சீட்ல குந்திகினாலுமா?"

"அப்பவும்தான்."

"நல்லாகீதே உங்க நாயம். ஒடம்புல கீற ரத்தத்த எல்லாம் உறிஞ்சிகினு, ரோட்ல பாத்தா யாரோ மாதிரி போவீங்களா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் அந்த வழக்கத்தை என்னைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றியவள் அவள்தான். நாங்கள் இருவரும் ஒரே ஊர். காலையில் ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறுவோம், அவள் தொழிற்பேட்டையில் இறங்கிக்கொள்வாள். ஒரு தடவை கூட்டத்தில் என் காலையே மிதித்துவிட்டாள். "பாத்து நில்லும்மா" என்று முன்பின் தெரியாதவளிடம் எரிந்துவிழுவதுபோல என்னிடமே எரிந்துவிழுந்தாள். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. ஆஸ்பத்திரிக் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மின்வெட்டு வேறு. அந்தக் கோடையில் எங்கள் தட்டுகளில் மஞ்சள் ஏற ஆரம்பித்தது. வசந்திக்கு முதலில் வெளிர் மஞ்சள், அடுத்த மாதம் எலுமிச்சை, அதற்கடுத்த மாதம் மஞ்சள் கிழங்கு நிறம். அந்தக் காலத்தில் பரிசோதனைக்கு வந்த மற்றவர்களுக்கும் அப்படியே.

சாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நோய் வெளியே தெரியுமுன் இந்தப் புரதம் காட்டிக்கொடுக்கும் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. எங்கள் ஆய்வின் விதியும் அதையொட்டியதுதான். தொடர்ந்து ஏறினால், மறைந்திருக்கும் காசநோய் மறுபடி தலைதூக்குகிறது என்று பொருள். உடனே காசநோய் வார்டில் சேர்த்து ஊசி மருந்தைத் திரும்பத் தொடங்கவேண்டும். வசந்திக்குத் திங்கட்கிழமை படுக்கை ஏற்பாடாகிவிட்டது.

அதை அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

"இன்னாத்துக்கு? எனக்கு இன்னா கீது இப்போ?" என்றாள். "ஜொரம் இல்ல. இருமல் இல்ல. பாவாட நாடா பத்தல, அவ்ளோ சத போட்டுகீறேன்."

"தட்டுல மஞ்சள் நிறம் ஏறிக்கிட்டே போகுது வசந்தி."

"இந்த மாசம்தான் பெர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் சொல்லிகீறாரு. ரெண்டு மாசம் போய்ப் படுத்தா வேல போச்சு. அது போவட்டும். அந்த வார்டுல இருந்தேன்னு தெரிஞ்சா, என் புருஷன் எதுல செத்தான்னு தோண்டுவாங்க. வாடக ஊட்டுக்காரம்மா அன்னிக்கே சாமான தெருவுல வெச்சிடும்." அவள் என்னைப் பார்த்தாள். "நீ படிச்ச பொண்ணுதானே? என்னப் பாரு. நோயாளி மாதிரியா கீறேன்?"

இல்லை. அவள் முகம் பளபளவென்று இருந்தது. ஆனால் தட்டில் மஞ்சள் இருந்தது. அதைப் போட்டதும் என் கைகள்தான், நடுங்காத கைகள்.

அந்த வாரம் என் அம்மாவுக்கு வெயிலில் மயக்கம் வந்து, பக்கத்து நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்குவதற்குள் பல் கிட்டும்படி நடுக்கம். நர்ஸ் ஓடிவந்து குழாயை மூடி, பாட்டிலையே மாற்றியதும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. போர்வைக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்:

"தண்ணிதானடி ஏத்துனாங்க? தண்ணிக்குப் போய் குளிர் ஜொரம் வருமா?"

"வரும்மா. தண்ணில கிருமி செத்துக் கிடந்தா வரும்."

"செத்ததுக்கு இன்னாத்துக்கு நடுங்கணும்?"

"ஒடம்புக்கு அது செத்ததுன்னு தெரியாது. செத்த கிருமியோட தோலைப் பாத்ததும் கிருமி வந்துடுச்சுன்னு நெனச்சுக்கும்."

சொல்லிக்கொண்டிருந்தபோதே என் வாய் நின்றுவிட்டது. உடம்பு நினைத்துக்கொள்ளும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். நினைத்துக்கொள்வது எது? காவல் அணுக்கள். நினைத்துக்கொண்டு எதை வெளியே விடும்? டி.என்.எஃப்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அதன் தோல் போகாது. நாங்கள் மீடியத்தை வடிகட்டும் நுண்ணிய சல்லடையிலும் அது நழுவிப் போய்விடும். கிருமி இருக்கிறதா என்று பார்த்தால் இருக்காது. சுத்தமான நீர் என்றுதான் எல்லாச் சோதனையும் சொல்லும். அணுக்கள் மட்டும் அதைக் கண்டுகொள்ளும்.

மறுநாள் காலை நேரே ஏழுமலை அண்ணனிடம் போனேன். மீடியம் கலக்கும் தண்ணீரைக் காய்ச்சி வடிப்பது அவர்தான்.

"அண்ணே, தண்ணி எப்ப வடிச்சது?"

"எப்ப கரண்ட் கீதோ அப்ப. கரண்ட் கட்டுல வேல நிக்கக் கூடாதுன்னு சார் பெரிய கேன் வாங்கிக் குடுத்தாரே, அதுல புடிச்சு வெச்சிக்கினே இருக்கேன். ஏன், தாகமா கீதா?"

ஜன்னலோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது கேன். காய்ச்சி வடித்த நீர் அன்றன்றைக்கு என்றால் அதைப்போலத் தூயது வேறில்லை. நாட்கணக்கில் நிற்கவைத்தால் காற்றிலிருந்தும் கேனின் சுவரிலிருந்தும் கிருமி பெருகும். பிறகு நாங்கள் அதை வேகவைத்துக் கொன்று, அதன் தோலோடு அணுக்களுக்கு ஊட்டியிருக்கிறோம்.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் ஒரே அடையாளம்.

"ஒப்பிட்டுப் பார்க்க நம்ம ஸ்டாஃப் ரத்தத்தையும் ஒவ்வொரு தடவையும் சேர்த்துத்தானம்மா பார்க்கிறோம்? அதுல இவ்வளவு ஏறலையே."

"கொஞ்சம் ஏறியிருக்கு சார். ஊரெல்லாம் ஜுரம்னு விட்டுட்டோம். நோயாளிங்களோட அணுக்கள் ஏற்கெனவே பயந்துபோனது. நமக்கு முணுமுணுப்பா கேட்டது அதுங்களுக்குக் கூச்சலா கேட்டிருக்கும்."

"உங்கம்மாவுக்கு நடுங்குச்சுன்னு நான் என் ஸ்டடியை நிறுத்தணுமா?"

"எங்கம்மா நடுங்குனாங்க, அவ்வளவுதான் சார். இதை யோசிச்சது நான். நான் படிச்சிருக்கேன்."

அப்படிச் சொல்லவேண்டும் என்று எண்ணவில்லை, வந்துவிட்டது.  ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் பணிமனையை விட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சார் அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடக்கி முழங்கையை மேஜைமேல் வைத்தார்.

"என் ரத்தத்தை எடு. உன்னுதையும் எடு. அந்தப் பொண்ணு வந்தா அவளுதும். ஒவ்வொண்ணையும் ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணுக்கு நம்ம கேன் தண்ணி. இன்னொண்ணுக்கு ஊசி மருந்து கலக்குற தண்ணி, வார்டுல சீல் உடைக்காததா வாங்கிக்க. வேற எதையும் மாத்தாதே."

வசந்தி சாயந்தரம் வந்தாள், துணிப்பையோடு. திங்கட்கிழமைக்கு முன்பே சேர்ந்துவிட்டால் சீக்கிரம் விடுவார்களா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். நான் ரத்தம் எடுத்துவிட்டு, "பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை காலைல வா" என்றேன்.  அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளை வளையங்கள் மூன்று. எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சாருடையதும், மூட்டை தூக்கியவரின் மகளுடையதும், ரப்பர் வாஷர் அடுக்குகிறவளுடையதும் ஒரே வெண்மை. இன்குபேட்டரில் வைக்குமுன் சாரும் நானும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டிவிட்டோம். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

தட்டு போட்ட அன்று சார் என் பின்னால் நின்றார். இடப்பக்கம் கேன் தண்ணீர், வலப்பக்கம் ஊசித் தண்ணீர். கடைசி மருந்தை விட்டேன். இடப்பக்கக் குழிகளில் நீலம் மெல்லப் பரவி, விடியற்கால வானம் மாதிரி திரண்டது. என்னுடையதில் கொஞ்சம், சாருடையதில் கொஞ்சம், வசந்தியுடையதில் அடர்த்தியாக. வலப்பக்கம் வெறும் நீர்.  அமிலம் விட்டதும் இடப்பக்கம் மஞ்சளாயிற்று. வலப்பக்கம் அப்படியே நின்றது, வசந்தியின் குழிகளும்தான். அவளுடைய அணுக்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

சார் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "மூணு மாசமா நாம தண்ணி பேசினதையே கேட்டுட்டு இருந்திருக்கோம்" என்றார். அந்தக் கோடையின் முடிவுகள் அனைத்தையும் தன் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட்டார். வசந்தியின் படுக்கையை ரத்துசெய்ய அவரே வார்டுக்கு நடந்து போனார். ஏழுமலை அண்ணன் கேனைக் கவிழ்த்துத் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றினார். "மரத்துக்கு நடுக்கம் வந்தா என்னக் கேக்காதே" என்றார்.

திங்கட்கிழமை காலை வசந்தி வந்தபோது முதல் கேள்வியே, "இன்னா நெறம் வந்துது?"

"நிறமே வரல."

"வரலையா? அதுக்கா இப்படி இளிச்சிகினு நிக்கிற?" என்றாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மணி பார்த்துவிட்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனாள். அந்த மாதமே அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த முறை ரத்தம் கொடுக்க வந்தபோது சொன்னாள்.

அதன்பின் ஒன்றிரண்டு வருடங்களில் புதிய செய்தி வந்தது. சைட்டோகைன் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில புரதங்கள், வைரஸ் அணுவுக்குள் நுழையும் வாசலில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கின்றனவாம். சார் அந்தக் கட்டுரையை எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு குரல் எழுப்பிவிடுகிறது, இன்னொரு குரல் கதவைச் சாத்துகிறது. எல்லாம் நமக்குள்ளேயே. வசந்தியிடம் சொன்னேன். "அப்போ கதவ சாத்துறவளுக்கு சாப்பாடு போடு, எழுப்பி உடுறவளப் பட்டினி போடு" என்றாள். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இப்போது அதைத்தான் முயன்றுகொண்டிருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தை மூடி, அந்தக் கல்லூரியில் பேசிவிட்டு வந்தபின் ஒரு நாள் காலை, பூந்தமல்லி போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் இரவு ஷிப்டு முடிந்த கம்பெனிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் வசந்தி. வழக்கப்படி நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏ, படிச்ச பொண்ணு!"

ரோட்டைத் தாண்டி அவளே வந்துகொண்டிருந்தாள். பின்னால் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். 

"என்ன பண்றே? பாக்கறாங்க" என்றேன், உதடு அசையாமல்.

"பாக்கட்டுமே. உங்க லேப மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்போ நீ ஆஸ்பத்திரிக்காரி இல்ல. எங்க ஊரு பொண்ணு. உன்கிட்ட பேசுனா எவ இன்னா கேப்பா?"

 இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். 

"எழுதிக்கோ. பேர மட்டும் மாத்திடு. வசந்தின்னு வை. சின்ன வயசுலேர்ந்து அந்தப் பேரு மேல எனக்கு ஒரு ஆச."

பஸ் வந்தது. பூந்தமல்லியில் தனக்கும் வேலை இருக்கிறது என்று அவளும் ஏறினாள். இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டோம். என் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். நடுவில் கையுறை இல்லாமல் அன்றுதான் அவள் கையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.